சயாம் மரண இரயில் பாதையில்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

விழுப்புரம் சந்திப்பில் புகைவண்டிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைக்கும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. நம் மாணவர்களுள் பலர் நாள்தோறும் திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டி நிலையங்களில் வண்டியேறிக் கல்லூரிக்கு வருகிறவர்கள். தண்டவாளம் என்றால் நமக்குப் படிக்க வரும் வழி. பிழைக்கப் போகும் வழி. ஓர் இரயில் பாதை முழுவதுமே இடுகாடாகவும் இருக்கக்கூடும் என்பதைச் சென்ற ஆண்டு மே விடுமுறையில் தாய்லாந்து நாட்டில் நேரில் கண்டேன். அதைப் பற்றி நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

இரண்டாம் உலகப் போரின் கொடுமைகள் என்றதும் நம் நினைவுக்கு வருபவை செர்மானிய நாசிகளின் வதைமுகாம்களே. 1933இல் தொடங்கப்பட்ட டாக்காவ் முகாமும், ஏறத்தாழ 11 இலட்சம் பேர் கொல்லப்பட்ட ஆஷ்விட்ஸ் முகாமும் இன்று நினைவிடங்களாகக் காக்கப்படுகின்றன. உலகின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே சென்று தலை வணங்கித் திரும்புகிறார்கள். ஓர் இனத்தையே அழித்துவிடுவது என்று திட்டமிட்டு நடத்திய கொலை அது. ஆசியாவில் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா இரயில் பாதையை அதனோடு ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்தாது. இங்கே நோக்கம் வேலை வாங்குவது. வேலை செய்தவன் செத்தால் அடுத்தவனைக் கொண்டுவருவது. ஆயினும் இங்கே மாண்டவர்களுள் பல பத்தாயிரம் பேர் தமிழர்கள். ஆஷ்விட்ஸைப் பற்றி அறிந்த அளவுகூட நாம் இதைப் பற்றி அறிந்திருக்கவில்லை. நானும் அறியாமல்தான் இருந்தேன். அதன் கதையில் ஒரு துண்டு என் வீட்டுக்குள்ளேயே இருந்தும் அறியாமல் இருந்தேன்.

வீட்டில் இருந்த கதை

என் தாத்தாவுக்குத் தம் தந்தையின் முகம் தெரியாது. 1937ஆம் ஆண்டில், மயிலம் பங்குனி உத்திரத் திருவிழா முடிந்த கையோடு, எங்கள் ஊரிலிருந்து ஒரு கங்காணியுடன் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார் என் கொள்ளுத்தாத்தா. அப்போது என் தாத்தா கைக்குழந்தை. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து சில ஆண்டுகள் மணியார்டர் வந்தது. 1941க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து மலாயாவிலிருந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "சயாம் ரயில் வேலைக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. போனவங்க வரல" என்று மட்டும் சொன்னாராம்.

இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே என் கொள்ளுப்பாட்டி தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதியும் இல்லை. ஆடி அமாவாசைக்குப் படைக்கலாமா என்று தாத்தா கேட்டால், "இருக்கிற மனுசனுக்கு எப்பிடிடா படைக்கிறது?" என்று தடுத்துவிடுவாராம். 1984இல் அவர் இறந்தபோது சுமங்கலிக்கு உரிய முறையில்தான் எடுத்துச் சென்றார்கள். ஊரில் சிலர் அதை ஒரு குறையாகப் பேசியதும் உண்டு என்று தாத்தா இன்றும் வருத்தத்தோடு சொல்வார்.

என் அக்காளின் கணவர் பாங்காக்கில் பணிபுரிகிறார். அவர் அழைப்பின்பேரில் நான் அங்கே போகிறேன் என்றதும், தொண்ணூறை நெருங்கும் என் தாத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ரயில் போட்ட எடத்துல செத்தவங்க பேரெல்லாம் எழுதி வச்சிருப்பாங்களாப்பா? எங்கப்பா பேரு இருக்கான்னு பாத்துட்டு வா."

கடல் கடந்தவர்கள்

அன்று நம் பகுதி தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரமும் திண்டிவனமும் அதன் தாலுகாக்கள். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்தே மலாயாத் தோட்டங்களுக்குப் பெருமளவில் ஆட்கள் சென்றார்கள். அவர்களுள் மிகப் பலர் நிலமற்ற உழவுக் கூலிகள், ஒடுக்கப்பட்ட சாதியினர். தோட்டத்துரை தன்னிடம் வேலை செய்யும் ஒருவனையே கங்காணியாக்கி அவனுடைய சொந்த ஊருக்கு அனுப்புவான். கங்காணி உறவையும் ஊரையும் சொல்லி ஆள் சேர்ப்பான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்துப் பினாங்குக்குக் கப்பல் ஏற்றுவார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்வாறு கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. என் கொள்ளுத்தாத்தா அந்தத் தடைக்கு ஓராண்டு முன்னால் போனவர்.

பாதை ஏன் போடப்பட்டது?

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் மலாயாவின் கோத்தபாருவில் கரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்துப் பர்மாவையும் பிடித்தார்கள். பர்மாவில் இருந்த படைகளுக்கு உணவும் தளவாடமும் அனுப்ப மலாக்கா நீரிணை வழியாகக் கடற்பயணம் செய்ய வேண்டியிருந்தது. அந்த வழியில் நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அச்சுறுத்தின. ஆகவே தரை வழியாக ஓர் இரயில் பாதை அமைக்க முடிவு செய்தார்கள். முன்பு ஆங்கிலேயரும் இந்த வழியை ஆராய்ந்து, மலையும் காடும் மழையும் நோயும் மிகுந்த இடம் என்று கைவிட்டிருந்தார்கள்.

தாய்லாந்தின் நோங் பிளாடுக் முதல் பர்மாவின் தன்பியூசாயாட் வரை அதன் நீளம் 415 கிலோமீட்டர். விழுப்புரத்தில் ஏறி மதுரையைக் கடந்து கோவில்பட்டியை நெருங்கும் தூரம். நம் காட்பாடிப் பாதையில் நெடுங்காலம் இருந்ததே, அதே மீட்டர்கேஜ் பாதைதான். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்து வந்து இங்கே போட்டார்கள். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளும் சந்தித்தபோது முடிந்தது. பல ஆண்டு வேலையை ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடித்தார்கள். பாறையை உடைக்க உளியும் சம்மட்டியும். மண் சுமக்கக் கூடையும் மனிதத் தோளும். இவற்றைக் கொண்டே பெரும்பகுதி வேலை நடந்தது.

வேலைக்கு வந்தவர்கள் இரு வகையினர். முதல் வகையினர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் போர்க்கைதிகள். இவர்கள் 60,000 பேருக்கு மேல். இரண்டாம் வகையினர் பர்மியர், மலாய்க்காரர், சாவகத்தார், சீனர், தமிழர் எனப்பட்ட ஆசியக் கூலிகள். இவர்கள் அதைப் போல் மூன்று மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றுபோய்த் தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. மூன்று மாத ஒப்பந்தம், நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலி, சாப்பாடு இலவசம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றதும் யாரும் முன்வரவில்லை. பிறகு தோட்டம் தோட்டமாகச் சென்று ஆட்களைப் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்கு வரவழைத்து, கதவை அடைத்து, அப்படியே சரக்கு வண்டியில் ஏற்றியதும் உண்டு. சில குடும்பங்கள் மனைவி மக்களோடு போயின.

மூங்கில் குடிசைகள், ஒழுகும் ஓலைக் கூரை, அரிசிச் சோறும் கொஞ்சம் கருவாடும். 1943இன் மழைக் காலத்தில் காலரா பரவியது. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாத புண் ஆகியவை முன்பே இருந்தன. போர்க்கைதிகளுக்கு அவர்களிடையே மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். கூலி முகாம்களில் மருத்துவரும் இல்லை, தலைவரும் இல்லை. 1943இன் நடுவில் போர்க்கைதிகளிலிருந்து சிறு மருத்துவக் குழுக்கள் அங்கே அனுப்பப்பட்டன. அவர்கள் தம்மால் இயன்றதைச் செய்தார்கள். ஆனால் காலங்கடந்த உதவி அது.

போர்க்கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதாவது ஐவரில் ஒருவர். ஆசியக் கூலிகளில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இரண்டையும் கூட்டிப் பாதையின் நீளத்தால் வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 250 உயிர்! திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே 37 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் இந்தச் சிறு தூரத்துக்கு மட்டும் 9,000 பிணங்களுக்கு மேல். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நாம் பேசிச் சிரித்துக்கொண்டு வரும் தூரம் இது.

காஞ்சனபுரியில் கண்டவை

பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் மூன்றாம் வகுப்பு வண்டியில் அத்தானும் நானும் ஏறினோம். நோங் பிளாடுக் நிலையம் வந்ததும் அத்தான் தொட்டுக் காட்டினார்: "இங்கேதான் ஆரம்பம்." கரும்புத் தோட்டமும் நெல் வயலுமாக, நம் பண்ணுருட்டிப் பக்கம் போவது போலவே இருந்தது. ஊரின் பெயரும் காஞ்சனபுரி. பொன்னகரம் என்று பொருள்.

நிலையத்துக்கு அருகிலேயே போர்க்கல்லறை இருக்கிறது. வெட்டிச் சீராக்கிய புல்வெளி; வரிசை வரிசையாகக் கற்கள்; ஒவ்வொன்றின் அருகிலும் பூச்செடி. ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அங்கே உறங்குகிறார்கள். கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது எல்லாம் உண்டு. 22, 24, 21 என்று என் வயதையொத்த வயதுகள். அவர்கள் யாரோ, ஆனாலும் படிக்கப் படிக்கக் கண் கலங்கியது. ஒரு மணி நேரம் நடந்தேன். ஒரு தமிழ்ப் பெயரும் இல்லை. இருக்காது என்று பிறகு அறிந்தேன். அது படைவீரர்க்கான கல்லறை.

ஆற்றங்கரையில் 1977இல் தொடங்கிய ஓர் அருங்காட்சியகம் உண்டு. 'ஜீத்' என்பது அதன் பெயர். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த சொல் அது. அடித்த நாட்டுக்கும் எழுத்து உண்டு. அடிபட்ட நாடுகளுக்கும் எழுத்து உண்டு. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் எழுத்து இல்லை.

உலகம் அறிந்த குவாய் ஆற்றுப் பாலத்தையும் பார்த்தோம். சாவகத்திலிருந்து கொண்டுவந்த இரும்பு வளைவுகள் இன்னும் நிற்கின்றன. குண்டுவீச்சில் சிதைந்த இடத்தில் மட்டும் போருக்குப் பின் வைத்த நேர்க்கோட்டு இரும்புச் சட்டங்கள். 1957இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படத்தால் இந்தப் பாலத்துக்கு உலகப் புகழ். படத்தைப் பார்த்து ஆறு தேடி வருவோர் பெருகவே, அந்த ஆற்றுப்பகுதிக்கே 1960இல் குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் படம் எடுக்கப்பட்டதோ இலங்கையின் கித்துல்கலையில். கதையோ ஆங்கிலப் போர்க்கைதிகளின் கதை.

பாலத்துக்குச் சற்றுத் தொலைவில் ஒரு பழைய நினைவுத்தூண். 1944இல், போர் முடியுமுன்பே, ஜப்பானியப் படையினரே இறந்தோர்க்காக எழுப்பியது. பல மொழிகளில் கல்வெட்டுப் பதித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று தமிழ்! காலை முதல் தேடிய தமிழ் எழுத்தைக் கடைசியில் அங்கே கண்டேன். மகிழ்வதா, சினம் கொள்வதா என்று தெரியவில்லை. இறந்தவர்களில் தமிழர் இருந்தார்கள் என்பதைக் கல்லில் ஒப்புக்கொண்டவர்கள், அவர்களைச் சாகடித்தவர்களே.

போர்க்கல்லறைக்கு அருகில் வாட் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்தக் கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அங்கேதான் புதைத்தார்கள். 2023ஆம் ஆண்டு மே மாதம் அவ்விடத்தில் தமிழ்த் தொழிலாளர்களின் நினைவாக ஒரு நடுகல் நிறுவப்பட்டது. வெளிநாட்டுத் தமிழர்கள் முயன்று செய்த பணி அது. தமிழ்நாடு அரசும் நிதி உதவியது. பாதை முடிந்து 80 ஆண்டு கழித்து வந்த கல். செஞ்சி, செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்திருக்கிறேன். ஆநிரை மீட்டு இறந்த வீரனுக்கு அவன் பெயரும் செயலும் பொறித்துக் கல் நட்ட மரபு நம்முடையது. இங்கே கல் இருக்கிறது. பொறிக்கப் பெயர்ப் பட்டியல்தான் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றேன்.

பெயர் ஏன் இல்லை?

ஊர் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வியே என்னைத் துளைத்தது. படித்தும் ஆசிரியர்களிடம் கேட்டும் நான் தெளிந்தது இதுதான்.

போர்க்கைதிக்கு எண் உண்டு, பதவி உண்டு. அவன் இறந்தால் அவனுடைய அதிகாரி நாளையும் இடத்தையும் எழுதிவைத்தார். எழுதுவது தடை செய்யப்பட்டபோதும் மூங்கில் குழாய்க்குள் மறைத்து வைத்தார்கள். இறந்தவனோடு சேர்த்துப் புதைத்தும் வைத்தார்கள். போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், ஒரு குழு பாதை நெடுகச் சென்று அந்தக் குறிப்புகளைக் கொண்டு 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. பின்பு நடந்த விசாரணையில் 111 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 32 பேருக்கு மரண தண்டனை. அங்கே பெரிதும் பேசப்பட்டவை போர்க்கைதிகளின் துயரங்களே.

தமிழ்க் கூலிக்கு எழுதிவைக்க அதிகாரி இல்லை. அவர்களுள் பெரும்பாலோர்க்கு எழுத்தும் தெரியாது. காலராவில் இறந்தவர்களைக் குவித்து எரித்தார்கள். அல்லது ஒரே குழியில் தள்ளினார்கள். தேடி வர ஓர் அரசும் இல்லை. ஆண்டவனோ ஆங்கிலேயன், அவன் தன் படைவீரர்களைத் தேடினான். இந்தியாவோ விடுதலைப் பரபரப்பில் இருந்தது. மலாயாவில் தப்பியவர்கள் மீண்டும் பால்மரம் சீவப் போய்விட்டார்கள். ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி போன்ற மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் பிற்காலத்தில் நாவல்களாக எழுதியிராவிட்டால் இந்த அளவுகூட நமக்குத் தெரிந்திராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதையின் இரு முனைகளும் சேர்ந்தது 1943 அக்டோபர் 17. நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தது அக்டோபர் 21. நான்கே நாள் இடைவெளி. தோட்டத் தமிழர்களுள் ஆயிரக்கணக்கானோர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் புகழை நாம் படிக்கிறோம், பெருமைப்படுகிறோம். அதே ஆண்டில், அதே தோட்டங்களிலிருந்து சென்று, அதே ஜப்பானியர் கையில் மாண்டவர்களைப் பற்றி நாம் ஒரு பத்திகூடப் படித்ததில்லை. முன்னதைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டும் நம் வரலாறே என்பதற்காகச் சொல்கிறேன்.

தாத்தாவின் முடிவு

திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "பேரு இல்ல தாத்தா. வெள்ளக்காரங்களுக்குத் தனித்தனியா இருக்கு. நம்மாளுங்க எல்லாருக்கும் சேத்து ஒரே கல்லு நட்டிருக்காங்க."

வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "கல்லு நட்டுட்டாங்களா? அப்ப செத்துட்டாருன்னுதான் அர்த்தம்" என்றார்.

அவ்வாண்டு ஆடி அமாவாசையன்று மரக்காணம் கடற்கரைக்கு அவரை அழைத்துப் போனோம். தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தந்தைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். ஐயர் பெயர் கேட்டபோது தாத்தா உரக்கச் சொன்னார். காஞ்சனபுரியில் எங்கும் எழுதப்படாத அந்தப் பெயரை நானும் அன்றுதான் முழுமையாகக் கேட்டேன்.

நாம் செய்யக்கூடியது

நாசி முகாம்களில் இறந்தவர்களின் பெயர்களை உறவினர்களிடமும் ஊராரிடமும் கேட்டுக் கேட்டு இலட்சக்கணக்கில் தொகுத்திருக்கிறார்கள். இறந்த இடத்தில் பட்டியல் கிடைக்காத போதும் பிறந்த இடத்தில் நினைவு இருக்கும் என்பதே அவர்கள் கண்ட வழி. அது நமக்கும் பொருந்தும். சயாமில் பெயர் இல்லாமற் போகலாம். நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. "மலாயாவுக்குப் போனவர் வரவில்லை" என்னும் ஒரு வரி எத்தனை வீடுகளில் இருக்கிறதோ! அதைச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் இன்னும் பல ஆண்டுகள் இருக்கப்போவதில்லை.

ஆகவே வரலாற்றுத் துறை மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறோம். பெயர், தந்தை பெயர், ஊர், புறப்பட்ட ஆண்டு, உடன் சென்றோர், தோட்டத்தின் பெயர், கடைசியாகச் செய்தி வந்த காலம். இவ்வளவே அதில் உள்ள கட்டங்கள். தெரியாத கட்டம் வெறுமையாக இருக்கட்டும். பெயர் மட்டும் இருந்தாலும் போதும். விடுமுறையில் ஊருக்குப் போகும் நண்பர்கள் தங்கள் வீட்டு முதியவர்களை ஒருமுறை கேட்டு வர வேண்டுகிறேன். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரி நண்பர்களும் இதில் சேர்ந்துகொண்டால் இரு தாலுகாக்களின் ஊர்களையும் சுற்றிவிடலாம்.

பதிவேட்டின் முதல் வரியில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயரை எழுதியிருக்கிறேன். மற்ற வரிகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன.